இடிக்காமல் புதுத் தரை: மைக்ரோசிமென்ட் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்மாவும் அப்பாவும் இருப்பது சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில். கட்டி 35 வருடம் ஆகிறது. ஹாலில் மொசைக் தரை, குளியலறையில் இளநீலச் சின்ன டைல்ஸ், சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வெள்ளை டைல்ஸ். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இடிக்காம பண்ண முடியாதா?" அப்பாவுக்கு மூச்சுத் தொல்லை உண்டு. பத்து நாள் இடிபாட்டுத் தூசியில் அவரை வைத்திருக்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மைக்ரோசிமென்ட் பற்றிப் படிக்கவும், வேலை நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்கவும் ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்ததைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய தரையையோ சுவரையோ பெயர்க்காமல் அதன் மேலேயே பூசுகிற மெல்லிய சிமென்ட் பூச்சுதான் மைக்ரோசிமென்ட். எல்லாக் கோட்டும் சேர்த்து 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். சிமென்ட், நன்றாகச் சலித்த நுண்மணல், அக்ரிலிக் பாலிமர், நிறத்துக்குக் கனிம நிறமி ஆகியவை இதில் இருக்கின்றன. டைல்ஸ் மாதிரி ஜாயிண்ட் கிடையாது. அறை முழுக்க ஒரே பரப்பாக ஓடும். பார்க்க மெருகேற்றிய சிமென்ட் தரை போல, உள்ளே லேசான மேகத் திட்டுகளோடு இருக்கும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பழைய வீடுகளைப் புதுப்பிக்க இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் கடைகளுக்கும் காபி ஷாப்புகளுக்கும் பூசிப் பார்த்துவிட்டு, இப்போது வீடுகளுக்கும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இவ்வளவு மெல்லிசாகப் பூசினால் நிற்குமா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. நம் கொத்தனார்கள் செங்கல் சுவரில் பூசுவது சுமார் 12 மில்லிமீட்டர். அதே கலவையை 2 மில்லிமீட்டருக்கு இழுத்தால் ஒரே வாரத்தில் பொரிந்து கொட்டிவிடும். அது ஏன் என்று தெரிந்தால் மைக்ரோசிமென்ட் எப்படி நிற்கிறது என்பதும் புரிந்துவிடும்.

சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. பூசு வேலை முடிந்த பிறகு நாள் கணக்கில் தண்ணீர் அடித்து நனைப்பது அதற்காகத்தான். மெல்லிசாகப் பூசினால் அடியில் இருக்கும் பழைய சுவர் பாதித் தண்ணீரை உறிஞ்சிவிடும், மீதி காற்றில் போய்விடும். வினை பாதியில் நின்று, பூச்சு மாவு மாதிரி உதிரும். தண்ணீர் வேகமாக வெளியேறும்போது பூச்சு சுருங்குவதால் விரிசலும் விடும். பளபளப்பான டைல்ஸ் மேல் பூசினால் பிரச்சினை வேறு மாதிரி. அதில் துளையே இல்லை. சிமென்ட் வேர் பிடிக்க இடம் கிடைக்காமல் தகடு தகடாகக் கழன்று வரும்.

பாலிமரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பால் போல இருக்கும் இந்தத் திரவம் சிமென்டோடு கலக்கும்போது, தண்ணீர் குறையக் குறைய அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிமென்ட் படிகங்களுக்கு நடுவே ஒரு வலை மாதிரி படர்கின்றன. அந்த வலை தண்ணீரைச் சட்டென்று வெளியே விடாது. அடிப்பரப்போடு பசை போல ஒட்டும். கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். டைல்ஸ் மாதிரி வழுவழுப்பான இடத்தில் முதலில் பிடிப்புக்கு ஒரு பிரைமர் அடிக்கிறார்கள். பல இடங்களில் எப்பாக்ஸி என்ற பிசினை அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே மேலே குவார்ட்ஸ் மணலைத் தூவுகிறார்கள். காய்ந்த பிறகு தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு பிடித்துக்கொள்கிறது.

மெல்லிய பூச்சு நமக்குப் புதிதும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கோட் கோட்டாக மெலிந்துகொண்டே போகும் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இன்றும் அந்தச் சுவரைத் தொட்டால் பளிங்கு போலக் குளிர்கிறது. முட்டை வெள்ளைக்கருவில் இருப்பதும் ஒரு புரதப் பசைதானே. பொருள் வேறு, சுண்ணாம்பு வேறு, சிமென்ட் வேறு என்றாலும், கனத்தை நம்பாமல் ஒட்டுதலையும் தேய்ப்பையும் நம்பும் வேலை என்பதில் இரண்டும் ஒரே குடும்பம்.

ஒரு டன்னும் ஒரு மூட்டையும்

பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மொசைக் கல் 20 மில்லிமீட்டர், அடியில் கலவை 40 மில்லிமீட்டர் என்று வைத்தால், பெயர்த்து எடுக்கும் இடிபாடு ஒரு டன்னைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து அத்தனையையும் சாக்கில் கட்டித் தலைச்சுமையாக இறக்க வேண்டும். அப்புறம் அதே அளவு மணல், சிமென்ட், டைல்ஸ் மேலே ஏற வேண்டும். அதே அறைக்கு 3 மில்லிமீட்டர் மைக்ரோசிமென்ட் பூசினால் கூடும் எடை ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை, 50 கிலோவுக்குச் சற்று முன்பின்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும் வழியும் இருக்கிறது. அது மோசமான வழி இல்லை. ஆனால் தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கதவின் அடியைச் சீவ வேண்டும். குளியலறைத் தரை வெளி அறையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது போய், தண்ணீர் ஹாலுக்குள் எட்டிப் பார்க்கும். 3 மில்லிமீட்டரில் இந்தத் தொல்லை எதுவும் வருவதில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ஒரு டன் எங்கே போகிறது என்பது. கட்டட இடிபாட்டைத் தனியாகப் பிரித்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், சாலையிலும் கால்வாயிலும் கொட்டக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. ஆனாலும் ஏரிக்கரைகளிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களிலும் உடைந்த டைல்ஸ் குவியலைப் பார்க்காதவர்கள் சென்னையில் குறைவு. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நம் பழைய குளியலறைகள் கிடக்கின்றன. உடைக்கத் தேவையில்லாத தரையை உடைக்காமல் விட இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பூசுவதற்கு முன் தரையைக் கேட்க வேண்டும்

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி. மைக்ரோசிமென்ட் ஒரு தோல். அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது சுமக்கும். அடியில் டைல்ஸ் ஆடினால் மேலே விரிசல் வரும், அடியில் ஓதம் இருந்தால் மேலே கொப்புளம் எழும். விற்பவர்கள் நிற அட்டையைக் காட்டுவார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள்.

ஒரு நாணயத்தையோ சின்னச் சுத்தியலின் பிடியையோ எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. காலி டப்பாவைத் தட்டியது மாதிரி வந்தால் அடியில் பொக்கு. அதைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பொக்கு இருந்தால் அவற்றை மட்டும் பெயர்த்து, கலவை நிரப்பி மட்டமாக்கிக்கொள்ளலாம். அறையில் மூன்றில் ஒரு பங்கு பொக்கு என்றால் மைக்ரோசிமென்டை மறந்துவிட்டு முழுத் தரையையும் எடுப்பதுதான் நல்லது. பாதி ஆடும் தரையைத் தோலால் கட்டிப் பிடிக்க முடியாது.

ஈரத்தைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்துகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் வருகிறது. தரைத்தள வீடுகளிலும், சுவரடியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உதிரும் வீடுகளிலும் இதைச் செய்யாமல் யாரையும் பூச விடாதீர்கள்.

விரிசல்களில் தலைமுடி அளவு விரிசல் ஆபத்தில்லை. ஆனால் விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது தெரிய வேண்டும். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டி வைப்பது எஞ்சினியர்களின் பழைய முறை. கட்டடம் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அசையாத விரிசல் என்றால் அதை வி வடிவில் கீறி, எப்பாக்ஸி நிரப்பிச் சரிசெய்யலாம். அசைகிற விரிசலை எந்தப் பூச்சும் மறைக்காது. கட்டடத்தில் வேண்டுமென்றே விட்ட விரிவு இடைவெளிகளையும் மூடிப் பூசக் கூடாது, மேல் பூச்சிலும் அதே இடத்தில் விட வேண்டும்.

ரெட் ஆக்சைடு தரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வருடக் கணக்கில் தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்த்த தரை அது. எண்ணெய் ஏறிய பரப்பில் பிரைமர் ஒட்டாது. மேல் தோலை மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்தால்தான் பூச முடியும். அப்படித் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கும் இதையே சொல்வேன். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்த கல் அது. அதன்மேல் ஒருமுறை எப்பாக்ஸி அடித்துவிட்டால் பழைய முகம் திரும்பாது. மங்கியிருந்தால் மெருகு போடுங்கள், உடைந்திருந்தால் அந்தக் கல்லை மட்டும் மாற்றுங்கள். நல்ல மொசைக்குக்கும் அப்படித்தான்.

குளியலறை

மைக்ரோசிமென்ட் தண்ணீரைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் கடைசியாக மேலே அடிக்கும் சீலர் என்ற காப்புப் பூச்சுதான் தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது. அடியில் கசியும் குழாயை அது ஒன்றும் செய்யாது. அதனால் முதலில் வடிகால் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுக் கீழ் வீட்டுக்காரரின் சீலிங்கைப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் தெரிந்தால் இடிக்காமல் வழியில்லை, நீர்த்தடுப்பு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

30 வருடப் பழைய வீடு என்றால் சுவருக்குள் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இருக்க வாய்ப்பு அதிகம். அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாயை மாற்றாமல் அழகான பூச்சைப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் கசிவுக்காக அதே சுவரை உடைப்பதுபோல் வேதனை வேறில்லை. எங்கள் வீட்டில் ஒரு சுவரை மட்டும் திறந்து குழாய்களை மாற்றினோம். மீதி மூன்று சுவரும் இடிபடவில்லை.

வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். 3 மில்லிமீட்டர் பூச்சில் வாட்டத்தைத் திருத்த முடியாது. தப்பாக இருந்தால் பூசுவதற்கு முன்பே தனியாகக் கலவை போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

வேலை எப்படி நடக்கும்

முதல் நாள் முழுக்கச் சுத்தம். பிசுக்கு, சோப்புப் படிவு, பழைய சிலிக்கான் எல்லாம் போக வேண்டும். டைல்ஸ் ஜாயிண்டுகளை நிரப்பி மட்டமாக்குவார்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் சில மாதத்தில் பழைய டைல்ஸின் கட்டங்கள் புதுத் தரையில் நிழல் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அடுத்து பிரைமர். அதன்மேல் ஃபைபர் மெஷ் என்ற இழை வலையை வைத்து, சற்றுப் பருமனான அடிக் கோட் இரண்டு. பிறகு மாவு போல நுண்மையான மேல் கோட் இரண்டு. ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்ப்பு உண்டு. கடைசியில் பாலியூரித்தேன் சீலர் இரண்டு கோட். ஒரு குளியலறைக்கு ஏறக்குறைய ஒரு வாரம். லேசாக நடக்க ஒரு நாள் போதும் என்றாலும், தண்ணீர் புழங்கவும் கனமான சாமான் வைக்கவும் சீலர் முழுதாக இறுக வேண்டும். அதற்குப் பொதுவாக இன்னும் 7 நாள் ஆகும்.

தூசியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்புத்தாள் தேய்ப்பில் நுண்தூசி வரும், அதில் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலுக்குக் கெடுதல். தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்திய சாண்டர் மெஷின் கேளுங்கள். வேலை செய்பவர்களுக்கு என்-95 மாஸ்க்கும் கையுறையும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஈரச் சிமென்ட் கையை அரித்துவிடும். தேய்ப்பு நடந்த இரண்டு நாளும் அப்பாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டோம்.

வெயிலும் இந்த வேலைக்கு ஆகாது. 30 டிகிரிக்கு மேல் போனால் கரணையில் இழுப்பதற்குள் கலவை இறுக ஆரம்பித்துவிடும். சித்திரை, வைகாசியில் செய்தே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் தொடங்கி, ஜன்னலுக்குத் திரை போட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் சீலர் காய இழுத்தடிக்கும். தை முதல் மாசி வரை நல்ல காலம்.

ஒரு சுவரை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். டீ குடிக்கப் போய்வந்து தொடர்ந்தால் அந்த இடத்தில் கோடு விழும். அதனால் பெரிய சுவருக்கு இரண்டு பேர் வேண்டும். வெளிர் நிறத்தில் இரும்புக் கரணையை அழுத்தித் தேய்த்தால் கருந்தடம் பதியும். நல்ல கைகள் மேல் கோட்டுக்கு பிளாஸ்டிக் கரணைக்கு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பொருளைவிடக் கைதான் பெரிது. ஆறு மாதத்துக்கு முன் அவர்கள் முடித்த ஒரு குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று முடித்தது வேண்டாம், ஆறு மாதம் தண்ணீர் பட்டதுதான் உண்மையைச் சொல்லும்.

விலை சதுர அடிக்குச் சாதாரண டைல்ஸைவிடக் கூடுதல்தான். ஆனால் டைல்ஸ் பக்கத்தில் இடிக்கும் கூலி, இடிபாட்டை இறக்கும் கூலி, வண்டி, கதவுச் சீவல், வெளியே தங்கும் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வீடு கணக்கு மாறும்.

அன்றாடப் புழக்கம்

நம் வீடுகளில் குளியலறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. மைக்ரோசிமென்ட் பூசிய பிறகு அது கூடவே கூடாது. சீலரில் சின்னக் கீறல் இருந்தாலும் ஆசிட் உள்ளே போய்ச் சிமென்டைத் தின்றுவிடும். உப்பு நீர்க் கறையைப் போக்க விற்கும் திரவங்களிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது. மென்மையான சோப்புத் தண்ணீர் போதும். வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேஸ் சிலிண்டரைத் தரையில் உருட்டியோ இழுத்தோ கொண்டுபோகக் கூடாது, அடி வளையம் கீறிவிடும். தேங்காயைத் தரையில் தட்டி உடைப்பது, அம்மி, உரல் இவற்றுக்கு இந்தத் தரை ஏற்றதில்லை. பீரோ, கட்டில் கால்களுக்கு அடியில் கனமான துணித் துண்டு ஒட்டலாம். குளியலறைத் தரைக்கும் வயதானவர்கள் நடக்கும் இடத்துக்கும் வழுக்காத சீலர் என்று சொல்லிக் கேளுங்கள். பளபளப்புச் சீலர் சுவருக்கு இருக்கட்டும். சீலரும் தேயும் பொருள்தான். சில வருடத்துக்கு ஒருமுறை மேல் கோட் அடித்தால் அடியில் உள்ள பூச்சு அப்படியே நிற்கும். பூசி முடித்ததும் மீந்த பொடியையும் நிறமியையும் காற்றுப் புகாத டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் பொடி சில மாதம்தான் தாங்கும், ஆனால் நிறமியும் அதன் கலவை அளவும் கையில் இருந்தால் பிறகு ஒட்டுப் போடும்போது நிறம் ஒத்துவரும்.

எங்கள் வீட்டில் ஹால் மொசைக்கைத் தொடவில்லை. மெருகு மட்டும் போட்டோம், கறுப்பு வெள்ளைச் சில்லுகள் மறுபடி மின்னுகின்றன. குளியலறைக்கும் சமையலறைச் சுவருக்கும்தான் மைக்ரோசிமென்ட். நிறம் முடிவாவதற்கு முன் சீலர் வரை பூசிய மாதிரிப் பலகைகள் இரண்டு கேட்டு வாங்கினேன். அம்மா அவற்றில் மஞ்சள் விழுது, புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய் எல்லாம் ஒவ்வொரு மூலையில் தடவி ஒரு ராத்திரி வைத்தார். காலையில் துடைத்தபோது மற்றதெல்லாம் போய்விட்டது, வெளிர் சாம்பலில் மஞ்சள் மட்டும் லேசாக நின்றது. மண் நிறப் பலகையில் அது கண்ணுக்கே தெரியவில்லை. அடுப்புச் சுவருக்கு மண் நிறம் என்று அவரே முடிவு செய்தார்.